ஒண்ணு தள்ளி

சின்ன மாப்பிள்ளை அந்தத் துண்டை மறுபடியும் விரித்துப் படித்தார். பிறகு திருப்பிப் போட்டுப் பார்த்தார். பின்பக்கத்தில் நூல் முடிச்சுகள்தான் இருந்தன.

‘முதல் பல் முளைத்த எங்கள் பட்டுக்குட்டிக்கு’ என்று நீல நூலில் அழகாகத் தைத்திருந்தது மெஷின். ஆனால் துண்டின் மூலையில் குத்தியிருந்த சீட்டு, அது பணி ஓய்வு பெறும் ஒரு தலைமை ஆசிரியருக்குப் போக வேண்டியது என்றது. அவருக்காக மாணவர்கள் கேட்டிருந்த வாசகம், ‘எங்களைச் செதுக்கிய கைகளுக்கு’. இருக்கிற பல்லே ஆடிக்கொண்டிருக்கும் வயதில் மனிதருக்கு இப்படி ஒரு வாழ்த்தா?

அடுக்கிலிருந்து அதற்கு முந்தின துண்டை உருவினார். சீட்டு பட்டுக்குட்டியுடையது. வாசகம், ‘நீச்சலில் தங்கம் வென்ற எங்கள் சிங்கத்துக்கு’. அதற்கும் முந்தினதை உருவினார். சீட்டு சிங்கத்துடையது. வாசகம், ‘அறுபதிலும் ஆட்டம் குறையாத அத்தைக்கு’.

எல்லாம் ஒன்று தள்ளித் தைத்திருந்தது.

இது அவருடைய மாமியாரின் கடை. வீட்டின் முன்னறையில் ஒரு எம்பிராய்டரி மெஷின். சுவரோரம் வெள்ளைத் துண்டுகள், எல்லாம் ஒரே அளவு, ஒரே ரகம். யார் என்ன வாசகம் கேட்டாலும் துண்டில் தைத்துக் கொடுப்பார்கள். முன்பெல்லாம் வாசகத்தைக் கம்ப்யூட்டரில் அடித்து, பென் டிரைவில் ஏற்றி, மெஷினில் செருகி, அது படிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்க, ஊதிவிட்டு மறுபடி செருகி, ஒரு துண்டுக்கே பாதிப் பொழுது போய்விடும். இளைய மகளைக் கட்டிய சின்ன மாப்பிள்ளை, இருந்த வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து ஒரு ஆப் எழுதினார். மொபைலில் வாசகத்தை அடித்தால் போதும், யூ.எஸ்.பி. வயர் வழியாக அது நேரே மெஷினுக்குப் போய்விடும். மெஷின் தைக்கும். மாமியார் துண்டை எடுத்துச் சீட்டைக் குத்துவார். மடிப்பு அக்கா அதை மடித்து, விலாசம் எழுதிய கவரில் போட்டு, கூரியரில் அனுப்புவாள்.

ஆப் நன்றாக ஓடினால் மற்ற எம்பிராய்டரி கடைகளும் வாங்கும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். ஓடாவிட்டால் என்ன என்பதற்கும் ஓர் ஏற்பாடு தயாராக இருந்தது. மூத்த மகளைக் கட்டிய பெரிய மாப்பிள்ளை, அதாவது இவருடைய சகலை, ஒரு கம்பெனியில் மேனேஜர். “பேசாம நம்ம ஆபீஸுக்கு வந்துடச் சொல்லுங்க. நான் பாத்து ஒரு நாற்காலி போட்டுத் தரேன்” என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

அந்த ஆபீஸில் பெரிய மாப்பிள்ளை நுழையும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவர் யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார். வீட்டிலும் சிரித்ததில்லை என்று அவர் மனைவியே ஒத்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் ஒரே சோபாவில் காலை நீட்டி டி.வி. பார்த்த சகலைக்குத் தினமும் எழுந்து நின்று ‘குட் மார்னிங் சார்’ சொல்வதா? நினைத்தாலே சின்ன மாப்பிள்ளைக்கு உடம்பு கூசியது.

அந்தச் சகலையின் கம்பெனி ஆண்டு விழாவுக்கு இந்த வாரம் துண்டு ஆர்டர் வரப்போகிறது. அது ஒழுங்காகப் போனால் ஆப் இருக்கட்டும், இல்லையென்றால் கடைக்குப் பழையபடி பென் டிரைவ், மாப்பிள்ளைக்கு நாற்காலி என்று மாமியார் தீர்ப்பு சொல்லிவிட்டார். சொன்னது மாப்பிள்ளையிடம் அல்ல. மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசியதே கிடையாது. மரியாதை! எதிரில் உட்கார்ந்திருந்தாலும் மகளிடம் சொல்வார், மகள் புருஷனிடம் சொல்வாள். மகள் இல்லாவிட்டால் மெஷினைப் பார்த்துச் சொல்வார்.

“என்ன தம்பி, துண்டக் கையில வெச்சுக்கிட்டு பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?” என்று கேட்டபடி மடிப்பு அக்கா உள்ளே வந்தாள்.

“அக்கா, இதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. இதெல்லாம் அனுப்பாதீங்க.”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன் தம்பி. நீங்க போய்ச் சாப்பிடுங்க” என்று அடுக்கை அப்படியே அள்ளிக்கொண்டாள்.

மடிப்பு அக்கா எதற்கும் இதைத்தான் சொல்வாள். கரண்ட் போனாலும் நான் பாத்துக்கறேன், கூரை ஒழுகினாலும் நான் பாத்துக்கறேன். வாசலில் கூரியர் வண்டி ஹாரன் அடித்தது. சின்ன மாப்பிள்ளை “அக்கா, அக்கா” என்று ஓடுவதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

மாலையில் மனைவியைப் பிடித்து உட்கார வைத்து விளக்கினார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

“இங்க பாரு. நான் மொபைல்லேருந்து வாசகத்த அனுப்பறேன். அது மெஷினுக்குப் போய்ச் சேர கொஞ்சம் நேரமாகும். ஆனா நான் அதுக்காகக் காத்திருக்கறது இல்ல. அனுப்பிட்டேன்னு நெனச்சு உடனே ‘தை’ன்னு சொல்லிடறேன். அதுகிட்ட அப்போ இருக்கறது பழைய வாசகம்தான். அதத் தெச்சுடுது. புரியுதா? இதுக்குப் பேரு அசிங்க்.”

மாமியாரின் கையில் ஊசி நின்றது.

“ஏண்டி,” என்றார் மகளிடம். “கடையில என்ன அசிங்கம் நடந்துபோச்சுன்னு கேளு.”

“அசிங்கம் இல்லம்மா. அசிங்க்.”

“அந்தக் கடைசி எழுத்த விட்டுட்டா மட்டும் அசிங்கம் போயிடுமா? வெளிய தெரிஞ்சா எவன் துண்டு வாங்குவான்?”

“இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்வாங்கன்னு சொல்லு,” என்றார் மாப்பிள்ளை தன் மனைவியிடம். “அசிங்க்ரனஸ்.”

“இங்கிலீஷ்ல வேற சொல்லணுமா?” என்று மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஒரு வாசகம் போய்ச் சேர நேரம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சின்ன மாப்பிள்ளை முடிவு செய்தார். வாசகத்தை அனுப்பியதும் ஆப் கொஞ்சம் மூச்சு விட்டு, அப்புறம் ‘தை’ என்று சொல்லும்படி மாற்றினார். மறுநாள் காலையில் பழைய வாசகங்களையே போட்டுப் பார்த்ததில் முதல் துண்டு வந்தது.

‘அறுபதிலும் ஆட்டம் குறையாத பட்டுக்குட்டிக்கு’ என்றிருந்தது.

அடுத்தது, ‘மூன்றாம் முறை எழுதிப் பாஸான அத்தைக்கு’.

வாசகம் முழுசாகப் போவதில்லை, துண்டு துண்டாகப் போகிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பாதி வந்து சேர்ந்திருக்கும்போதே மூச்சு முடிந்துவிடுகிறது. மெஷின் தலையைப் புதிதிலிருந்தும் வாலைப் பழசிலிருந்தும் எடுத்து ஒட்டுப் போட்டுத் தைத்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் அதிக நேரம் மூச்சு விட்டுப் பார்த்தார். சின்ன வாசகங்கள் ஒழுங்காக வந்தன. நீள வாசகங்கள் மறுபடி வாலை மாற்றிக்கொண்டன.

கெட்டுப்போன துண்டுகளை எறிய மனசில்லாமல் மாமியார் அடுப்படிக்கு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பைத் துடைத்த துணி ‘பல்லாண்டு வாழ்க பாஸானவரே’ என்றது. மிதியடியாகக் கிடந்தது ‘எங்கள் இதயத்தில் என்றும் உங்கள் கால்வலி’ என்றது.

“மெஷினே,” என்றார் மாமியார், மகள் வெளியே போயிருந்த சமயம் பார்த்து. “ஒழுங்கா இருந்த உன்ன யாரு இப்படி ஆக்கினா?”

மாப்பிள்ளையும் வயரைப் பார்த்துச் சொன்னார். “இன்னிக்குச் சரியாயிடும்னு சொல்லு.”

நேரம் கணக்குப் பார்த்தால்தானே வம்பு? மெஷினையே கேட்டுவிட்டால் என்ன? நல்லவேளையாக மெஷினுக்குப் பதில் சொல்லத் தெரியும். எதை அனுப்பினாலும் திருப்பி ஒரு ‘சரி’ அனுப்பும். அந்த ‘சரி’ வந்த பிறகுதான் ‘தை’ என்று சொல்ல வேண்டும் என்று ஆப்பை மாற்றி எழுதினார். வாசகம் போயிற்று. ‘சரி’ வந்தது. ‘தை’ போயிற்று. அரையும் குறையுமாக எதுவும் வரவில்லை. எல்லாம் முழு வாசகம். அன்றைய துண்டுகள் கூரியரில் கிளம்பிவிட்டன.

மறுநாள் போனும் வந்தது. தலைமை ஆசிரியரின் மாணவன்.

“சார், துண்டு அருமை! வாத்தியார் ‘எங்களைச் செதுக்கிய கைகளுக்கு’ன்னு படிச்சதும் அழுதுட்டாரு.”

“எதப் படிச்சதும்?”

“நாங்க குடுத்த வாசகத்தத்தான் சார்.”

“பல்லப் பத்தி ஒண்ணும் இல்லையா?”

“பல்லா? அவருக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு” என்று அவன் குழம்பிப்போய் வைத்துவிட்டான்.

சின்ன மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. முந்தாநாள் தன் கண்ணால் பார்த்த துண்டு, போகிற வழியில் தானாகவே வாசகத்தை மாற்றிக்கொண்டதா? மெஷினிடம் போய் அப்போதுதான் இறங்கிய துண்டைப் பிரித்தார். சீட்டு ஒருவருடையது, வாசகம் முந்தினவருடையது.

“இன்னும் ஒண்ணு தள்ளித்தான் தைக்குது!” என்று கத்திவிட்டார். உள்ளே மாமியார் காய் நறுக்குவது நின்று, பிறகு தொடர்ந்தது.

அப்படியானால் வாடிக்கையாளர் எப்படிப் பாராட்டுகிறார்? ஆப் மாட்டிய நாளிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லையே? ஜனங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு, கேட்டது வராவிட்டாலும் வந்ததைக் கேட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அது அவருக்கே நம்பும்படியாக இல்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய் நாலு பேரைக் கேட்கலாம் என்று அலமாரியைத் திறந்தார். சட்டையில் மேல் பட்டன் இல்லை. வீடு முழுக்க ஊசியும் நூலும் இறைந்து கிடக்கிறது, அவர் சட்டைக்குப் பட்டன் இல்லை.

“நேத்தே பட்டன் தெச்சு வைன்னு சொன்னேனே? நீகூட ‘ம்’னியே?”

“ஆமா, ‘ம்’னேன்.”

“அப்போ தெச்சிருக்கணும்ல?”

“நீங்க சொன்னது காதுல விழுந்துதுன்னு ‘ம்’னேன். தெச்சிருந்தா ‘தெச்சுட்டேன்’னு சொல்லியிருப்பேன்ல? ‘ம்’னா தெச்சாச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

சின்ன மாப்பிள்ளை சட்டையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

“ஏங்க? கோவமா?”

“இல்ல. நீ தெய்வம்!” என்று சட்டையை அவள் மேல் போட்டுவிட்டு மெஷினிடம் ஓடினார்.

மெஷின் சொல்கிற ‘சரி’யும் அந்த ‘ம்’தான்! வாசகம் வந்து சேர்ந்துவிட்டது, தைக்கத் தயார் என்றா சொல்கிறது? ஏதோ பேசுகிறாய், காதில் விழுகிறது என்கிறது. பாவி மெஷின் இத்தனை நாளாக உம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது, இவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். உட்கார்ந்து எழுதினார். இனி ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு எண். வாசகம் முழுசாக உள்ளே போய் உட்கார்ந்த பிறகு மெஷின் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியான எண் வந்தால்தான் ‘தை’.

மாலைக்குள் முடிந்துவிட்டது. சோதனைக்கு வரிசையாகத் தைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் கேட்டது கேட்டபடி வந்தது. சின்ன மாப்பிள்ளை மெஷினைத் தட்டிக் கொடுத்தார். கொஞ்சம் விட்டிருந்தால் முத்தமே கொடுத்திருப்பார்.

“உங்கம்மாகிட்ட சொல்லிடு,” என்றார் மனைவியிடம். “மெஷின் இப்போ சரியாயிடுச்சு. வர்றத வந்தபடியே வெச்சு சீட்டு குத்தினா போதும்.”

“ம்” என்றாள் மனைவி, பட்டன் தைத்துக்கொண்டே.

மெஷினிடம் கற்ற பாடத்தை மனைவியிடம் பொருத்திப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அன்று அவர் நிம்மதியாகப் படுத்தார்.

புகார் மழை இரண்டு நாள் கழித்துத் தொடங்கியது.

முதலில் பேசிய ஆள் கிசுகிசுத்தார். “சார், கல்யாண நாளுக்குன்னு என் சம்சாரத்துக்கு ஒரு துண்டு கேட்டேன்ல? ‘என் வாழ்வின் வெளிச்சத்துக்கு’ன்னு?”

“ஆமா சார்.”

“‘நீங்க போனாலும் உங்களை மறக்க மாட்டோம்’னு வந்திருக்கு சார். அவ பெட்டி கட்டிக்கிட்டு இருக்கா.”

“ஐயோ! அது ஒரு ஆபீஸ் பிரிவு உபசாரத்துக்குப் போக வேண்டியது சார்!”

“அத நீங்களே அவகிட்ட சொல்லுங்க சார். இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்.”

அந்த அம்மாளைச் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் அடுத்த போன். பிரிவு உபசார ஆபீஸுக்கு ‘சீக்கிரம் நடக்க ஆரம்பிங்க’ என்று போயிருந்தது. கால் முறிந்து படுத்திருந்தவருக்கு, ‘நாட்டியத்தில் முதல் பரிசு பெற்றதற்கு’. சின்ன மாப்பிள்ளை எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, யாருக்கு எது போயிருக்கிறது என்று விரல் விட்டுப் பார்த்தார். இப்போது ஒன்று அல்ல, இரண்டு தள்ளிப் போயிருந்தது.

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மெஷின் தப்பாகத் தைத்த வரைக்கும் ஊரே பாராட்டியது. சரியாகத் தைக்க ஆரம்பித்ததும் ஊரே திட்டுகிறது. இது என்ன உலகம்?

“கவலப்படாதீங்க தம்பி,” என்றாள் மடிப்பு அக்கா, கவர்களில் விலாசம் எழுதிக்கொண்டே. “நான் பாத்துக்கறேன்.”

“நீங்க என்னக்கா பாப்பீங்க? எனக்கே ஒண்ணும் தெரியல” என்றார் பரிதாபமாக.

அந்த நேரம் பார்த்துப் பெரிய மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். வழக்கம்போல முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. மாமியார் எழுந்து நின்று வரவேற்றார்.

“விழா நாளைக்கு சாயந்தரம்,” என்றார் அவர், சின்ன மாப்பிள்ளையிடம். “யார் யாருக்கு என்ன வாசகம்னு மொபைல்ல அனுப்பியிருக்கேன். அதே வரிசையில தைங்க. முதல்ல என்னோடது. ஒழுங்கா வருதான்னு அதுல பாத்துட்டு, அப்புறம் முதலாளியோடது. கெட்டுப்போனா என்னோடதோட போகட்டும்.”

கெட்டுப்போனாலும் முதலில் தான்தான் என்பதில் மனிதர் உறுதியாக இருந்தார். சின்ன மாப்பிள்ளை மொபைலைப் பார்த்தார். பெரிய மாப்பிள்ளைக்கு அவர் ஆபீஸ் ஆட்கள் கொடுத்திருந்த வாசகம், ‘ஒரு தடவையாவது சிரிங்க, சார்’. அடுத்தது, ஆபீஸே ‘பெரியவர்’ என்று கூப்பிடும் முதலாளிக்கு, ‘இந்தக் கம்பெனியே உங்கள் வியர்வை. இனியும் எல்லாம் உங்கள் கையில்’. மூன்றாவது, நாளையோடு ஓய்வு பெறும் வாட்ச்மேனுக்கு, ‘உழைத்தது போதும். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குங்கள்’. அதற்குப் பிறகு டிரைவர், கேண்டீன் என்று நீண்டது.

“எனக்கு ஏன் இப்படிக் குடுத்திருக்காங்கன்னு தெரியல,” என்றார் பெரிய மாப்பிள்ளை, சிரிக்காமல். “சரி, அத விடுங்க. நாற்காலி வந்தாச்சு சகல. ஜன்னலோரமா போடச் சொல்லியிருக்கேன். திங்கக்கிழமை வந்துடுங்க.”

அவர் போன பிறகு சின்ன மாப்பிள்ளை மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை கண்ணை எடுக்கப்போவதில்லை. மனைவி நூல் வாங்கப் போயிருந்தாள். பழைய ஆர்டர்களில் மிச்சமிருந்ததை மாமியார் தைக்க ஆரம்பித்தார். துண்டு இறங்கியது. வாசகம் சரி. மாமியார் துண்டை எடுத்தார். எடுத்து, அதற்கு உரிய சீட்டைக் குத்தாமல், அதற்கு முந்தின ஆளின் சீட்டை எடுத்துக் குத்தினார்.

“அத்தை!” என்று ஸ்டூலோடு எழுந்தார் மாப்பிள்ளை. “என்ன பண்றீங்க?”

இந்த வீட்டுக்கு மருமகனாக வந்த நாளிலிருந்து அவர் மாமியாரிடம் நேரே பேசிய முதல் வார்த்தை அது. மாமியார் விதிர்விதிர்த்துப்போய் மெஷினைப் பார்த்தார்.

“மெஷினே, அவர் என்ன கேக்கறார்னா...”

“மெஷின விடுங்க அத்தை! என்னப் பாத்துச் சொல்லுங்க. ஏன் சீட்ட மாத்திக் குத்தறீங்க?”

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, வேறு வழி இல்லாமல், மாப்பிள்ளையைப் பார்த்தே பேசினார்.

“அது ஒண்ணு தள்ளித் தைக்குதுன்னு நீங்கதானே அன்னிக்குக் கத்தினீங்க? அதான் மறுநாளே நான் சீட்ட ஒண்ணு தள்ளிக் குத்த ஆரம்பிச்சேன். அது அந்தப் பக்கம் தள்ளினா நான் இந்தப் பக்கம் தள்ளறேன். கணக்கு நேராயிடும்ல?”

“அத நான் அன்னிக்கு சாயந்தரமே சரி பண்ணிட்டேனே! உங்க பொண்ணு சொல்லலையா?”

“அவ எங்க சொன்னா?”

நூலோடு உள்ளே வந்த மனைவியை இருவரும் சேர்ந்து திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் புருஷனும் நேருக்கு நேர் பேசுவதைப் பார்த்த அதிர்ச்சியில் அவள் கையிலிருந்து நூல்கண்டு உருண்டது.

“உங்கம்மாகிட்ட சொல்லுன்னு சொன்னேன்ல? ‘ம்’னியே!”

“ஆமா, ‘ம்’னேன்,” என்றாள் அவள். “‘ம்’னா என்ன அர்த்தம்னு அன்னிக்கேதானே சொன்னேன்?”

சின்ன மாப்பிள்ளை உருண்ட நூல்கண்டை எடுத்து மேஜையில் வைத்தார். மாமியார் மெதுவாகச் சொன்னார்.

“நான் வேணும்னு பண்ணல மாப்பிள்ளை. உங்க மானம் போகக் கூடாதேன்னுதான் பண்ணினேன். மூத்தவர் நல்லவர்தான். ஆனா அவர் முன்னாடி நீங்க எழுந்து நின்னு கும்பிடு போடறத என்னால பாக்க முடியாது. நாற்காலின்னு வாயில சொல்லிட்டேனே தவிர, மனசு கெடந்து அடிச்சுக்குது.”

மாப்பிள்ளை ஸ்டூலை இழுத்து மாமியார் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மாமியார் தன்னை மதிக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாரே! “அத்தை, இந்த ஒரு ஆர்டர நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து தெச்சுடலாம்” என்றார்.

சேர்ந்தே தைத்தார்கள். மாப்பிள்ளை மொபைலில் அனுப்பினார். மெஷின் எண்ணைத் திருப்பிச் சொன்னது. துண்டு இறங்கியதும் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசகத்தை உரக்கப் படித்தார். மாப்பிள்ளை சீட்டைப் படித்தார். இரண்டும் பொருந்தினால் மனைவி குத்தினாள். மேனேஜர் துண்டில் மேனேஜர் வாசகம், பெரியவர் துண்டில் பெரியவர் வாசகம், வாட்ச்மேன் துண்டில் வாட்ச்மேன் வாசகம். கடைசித் துண்டு வரைக்கும் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

“இப்படியே மடிச்சு அனுப்பிடுங்கக்கா” என்று அடுக்கை மடிப்பு அக்காவிடம் கொடுத்தார் சின்ன மாப்பிள்ளை.

“நான் பாத்துக்கறேன் தம்பி” என்றாள் அக்கா.

மறுநாள் மாலை முன்னறையில் யாருக்கும் கை ஓடவில்லை. விழா தொடங்கியிருக்கும். துண்டுகளைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மாப்பிள்ளை மொபைலை மேஜை நடுவில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடிப்பு அக்கா மட்டும் மறுநாளைய கவர்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

மொபைல் அலறியது. சகலை. மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டார்.

முதலில் ஏதோ இரைச்சல். யாரோ மூச்சுத் திணறுவதுபோல இருந்தது. அது பெரிய மாப்பிள்ளை சிரிக்கிற சத்தம் என்று புரிய எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

“சகல! நீங்க மனுஷனே இல்ல! நீங்க... நீங்க...” என்று மறுபடி சிரித்தார்.

“என்ன சகல ஆச்சு? தப்பா எதுவும்...”

“தப்பா? பெரியவர் மேடையில துண்டப் பிரிச்சுப் படிச்சார். அப்படியே நின்னுட்டார். என் துண்ட வாங்கிப் படிச்சார். மறுபடி அவரோடத, மறுபடி என்னோடத. கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. மைக்கப் புடிச்சு, ‘என் ஆளுங்க இத்தனை வருஷமா வாயில சொல்லத் தயங்கினத துண்டுல சொல்லிட்டாங்க. அவங்க சொல்றது நியாயம்தான். நான் இன்னியோட விலகிக்கறேன். இனிமே கம்பெனிய இவர் பாத்துப்பார்’னு சொல்லி, என் தோள்ல கை வெச்சுட்டார் சகல! நான்தான் இனிமே முதலாளி!”

மடிப்பு அக்கா அடுத்த கவருக்குப் பசை தடவினாள்.

“அந்த நாற்காலிய மறந்துடுங்க. நீங்க உக்காரவேண்டிய ஆளே இல்ல. இனிமே எல்லாக் கிளைக்கும் துண்டு உங்க ஆப்லதான். ஆனா ஒண்ணு சகல, அப்படி எழுத உங்களுக்கு எங்கேருந்து தைரியம் வந்துது?” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

மனைவி துள்ளிக் குதித்தாள். மாமியார் தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டார். ஆப் பிழைத்தது, நாற்காலி ஒழிந்தது. சின்ன மாப்பிள்ளை மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க? சந்தோஷமா இல்லையா?”

“சந்தோஷம்தான். ஆனா அவர் துண்டுல என்ன எழுதியிருந்துது? ‘ஒரு தடவையாவது சிரிங்க, சார்’. அதப் படிச்சுட்டா முதலாளி கம்பெனியத் தூக்கிக் குடுத்துட்டுப் போவார்?”

“பெரியவர் துண்டுல?” என்று கேட்டார் மாமியார்.

“‘இனியும் எல்லாம் உங்கள் கையில்’. அதப் படிச்சுட்டு எவனாவது வேலைய விட்டு விலகுவானா? நீங்கதானே அத்தை கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிச்சீங்க?”

“அட்சரம் பிசகாமப் படிச்சேன் மாப்பிள்ளை.”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு முழித்தார்கள். பசைக் கையைத் துடைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய மடிப்பு அக்கா, வாசலில் நின்று திரும்பினாள்.

“இதுக்கு எதுக்கு தம்பி இவ்ளோ யோசன? பெரியவர் துண்ட மூத்த மாப்பிள்ளை கவர்ல, வாட்ச்மேன் துண்ட பெரியவர் கவர்லன்னு எப்பவும் போல ஒண்ணு தள்ளித்தான் போட்டு அனுப்பினேன். நீங்க அந்த வயர மாட்டின நாள்லேருந்து நான்தானே பாத்துக்கறேன்!”